பழைய மாருதிக்குப் புது மேக்கப்

கேள்வி: என் பழைய மாருதி 800-க்குப் பாதி விலையில் பெயின்ட் அடித்துத் தருவதாக ஒரு பட்டறைக்காரர் சொல்கிறார். நம்பலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: தாராளமாக நம்பலாம். பாதி விலைக்குப் பாதி வேலை நிச்சயம் நடக்கும்.

பெயின்ட் வேலையில் பெருஞ்செலவு டப்பாவில் இல்லை, தேய்க்கிற கையில். துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, தண்ணீர் தொட்டு எமரி பேப்பரால் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். மலிவாக அடிப்பவர் கைவைப்பது இதில்தான். துருவின் மேலேயே பட்டியை அப்பிவிட்டால், அடுத்த மழைக்காலத்தில் கதவோரம் அப்பளமாகக் கொப்பளிக்கும்.

தேய்ப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள், நிறத்தில் பிடியுங்கள். மெட்டாலிக் என்றால் அதன்மேல் கிளியர் கோட் வேறு. சாதா வெள்ளை போதும். (வெயிலுக்கும் நல்லது.) பம்பர், விளக்குகளை நீங்களே கழற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியோர ரப்பர் வரை பெயின்டில் குளித்துவிட்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். ஈரக்காற்றில் பளபளப்பு வெளிறிப்போகும்.

வீட்டில் சிவப்பு கேட்கிறார்களா? ஆர்.சி.யில் நிறமும் பதிவாகியிருக்கிறது. மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடக்க வேண்டும், இன்சூரன்ஸ்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். மிச்சம் பிடித்த காசு அங்கே கரையும்.

“டிக்கிக்கு உள்ளே யார் சார் பார்க்கப் போறாங்க?” என்பார் பட்டறைக்காரர். வண்டியை விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் திறப்பது அதைத்தான்.