தலைக்குள் என்ன?

கேள்வி: பல வருடமாகத் தலைவலி. சைனஸ் என்கிறார் ஒருவர், கண்ணாடி மாற்று என்கிறார் இன்னொருவர், திருஷ்டி என்கிறார் மாமியார். நிஜக் காரணத்தைப் பிடிப்பது எப்படி?
- ஒரு லாரி ஓட்டுநர், நாமக்கல்

பதில்: அகத்தியர் கைவசம் சுலபமான வழி இருந்தது. மன்னனின் கபாலத்தைத் திறந்தார், உள்ளே தேரை! சீடர் பாத்திரத்துத் தண்ணீரைச் சலசலக்க வைக்க, அது துள்ளிக் குதித்ததாம். சீடருக்குத் தேரையர் என்ற பெயர் வந்த கதை.

முழுக் கட்டுக்கதை என்றும் தள்ள முடியாது. நாடாப்புழுவின் முட்டை உணவோடு உள்ளே போனால், இளம்புழு மூளையில் குடியேறுவதுண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பல ஆண்டுகளாக ஆராயும் நோய் இது. ஆனால் பெரும்பாலும் வலிப்போடு வரும். தலை வலிக்கிறவர்கள் எல்லாம் ஸ்கேனுக்கு ஓடினால் ஸ்கேன் சென்டர்காரருக்குத்தான் நிம்மதி.

சைனஸ்? அமெரிக்காவில் 2004-ல் வெளியான ஆய்வு ஒன்றில், அப்படி நம்பிய சுமார் 3,000 பேரில் 88 சதவீதத்தினருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி.

ஓட்டுநரின் தேரை சட்டைப்பையிலேயே இருக்கலாம். சாதாரண வலிமாத்திரையை மாதம் 15 நாளுக்குக் குறையாமல் மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். கலவை மாத்திரைக்கு 10 நாளே போதும். வழக்கமான டீயைத் திடீரென நிறுத்தினாலும் வலிக்கும் (மாமியாருக்கு இதில் பங்கில்லை).

டீசல் கணக்கு நோட்டிலேயே வலித்த நேரம், தூக்கம், டீ, மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மாதம் குறித்து நரம்பியல் மருத்துவரிடம் நீட்டலாம். நொடியில் உச்சத்துக்கு ஏறும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி என்றால் நோட்டைத் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.