பழம் போனால் மலை!

ஐஸ் ஹாக்கியில் வேண்டுமென்றே தோற்று, மறுவருடம் நல்ல ஆட்டக்காரரை முதல் ஆளாக அள்ளிக்கொள்கிறார்களாமே, தோற்றவனுக்குப் பரிசா?
*வாசகர், பழனி*

பழத்தில் தோற்றவருக்கு மலையே கிடைத்த ஊரிலிருந்து இந்தக் கேள்வியா! ஆனால் முருகன் வேண்டுமென்று தோற்கவில்லை, மயிலேறி உலகத்தையே சுற்றிவிட்டு வந்தார். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் கடைசி இடத்து அணிக்கு, முதல் ஆளை எடுக்கும் குலுக்கலில் வாய்ப்பு அதிகம். அதற்காக வேண்டுமென்றே தோற்பதை 'டேங்கிங்' என்பார்கள். நம் ஊரில் டேங்க் காலியானால் லாரி வரும், கோப்பை வராது. ஆனால் நல்ல ஆள் கிடைக்கத் தோற்கத்தான் வேண்டும் என்றில்லை. டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி 1998-இல் 171-ஆவது ஆளாக எடுத்தவர் பாவெல் டாட்சுக், 1999-இல் 210-ஆவதாக எடுத்தவர் ஹென்ரிக் ஸெட்டர்பெர்க். அதுவரை மற்ற அணிகள் எல்லாம் என்ன பார்த்துக்கொண்டிருந்தன? 2008-இல் இருவரும் அந்த லீகின் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்கள்.

நம் தமிழ்நாடு டிராகன்ஸ் ஹாக்கி அணி தோற்றால் என்ன கிடைக்கும்?
*வாசகர், ஒட்டன்சத்திரம்*

தோல்வி கிடைக்கும். ஹாக்கி இந்தியா லீகில் நடப்பது ஏலம். 2024-இல் ஆண்கள் அணிகள் எட்டுக்கும் ஒரே பர்ஸ், தலா 4 கோடி ரூபாய். அணியின் 24 பேரில் 4 ஜூனியர்கள் அப்போது கட்டாயம். பணம் சமம் என்றால் கண்தான் மூலதனம். கோவில்பட்டி ஹாக்கி விடுதியில் வளர்ந்த அரியலூர் கார்த்தி செல்வம், 2022 ஆசியக் கோப்பையில் தன் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல் அடித்தவர். டிராகன்ஸ் அவரை எடுத்தது.

கொடைக்கானல் ஏரியில் ஐஸ் ஹாக்கி ஆடலாமா?
*வாசகர், கொடைக்கானல்*

டிசம்பரில் புல் உறையும், நீங்களும் உறைவீர்கள். ஏரி உறையாது. ஆசையிருந்தால் லடாக்குக்கு டிக்கெட் போடுங்கள்.