பொருநை உறையாது, ஹாக்கி உண்டு

கேள்வி: பனித்தரை ஹாக்கி ஆடியே ஜீவனம் செய்வேன் என்கிறான் என் மகன். நெல்லையில் அது சாத்தியமா?

பதில்: தாமிரபரணி உறையப்போவதில்லையாதலால், அதற்கு லடாக் ஏரிகளையே நாடவேண்டும், அங்கும் குளிர்காலத்துச் சில வாரங்களே ஆட்டம். ஆயினும், பையனுக்கு மட்டையின் மீதுள்ள பிரேமை மெய்யானதாயின், 1986 வரை நம் ஜில்லாவிலேயே இருந்த கோவில்பட்டிக்குப் பஸ் ஏற்றிவிடுங்கள். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன அந்தக் கரிசல் பூமியில், நீர் தெளித்த செயற்கைப் புல்தரையில் முதுகை வளைத்துப் பந்தோட்டிப் பழகிய உள்ளூர் மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து பயின்ற கார்த்தி செல்வமும், 2022-இல் ஜகார்த்தாவில் இந்தியாவுக்காக ஆடி ஆசியக் கோப்பை வெண்கலம் கொணர்ந்தது எத்துணைப் பெருமை! ஜீவனோபாயமா? நன்றாக ஆடுவோருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே உத்தியோகம் தரும். பள்ளிப் படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.