கண்ணாடிப் பெட்டிக்குக் காய்ச்சல்

தூத்துக்குடியில் பனி பேரில் மட்டும்தான் உண்டு. 1713-இல் கட்டிய கோயிலில் பனிமய மாதா இருக்கிறாள். ஆகஸ்ட் 5-ஆம் தேதித் திருவிழாவுக்குப் போய்ச் சட்டை நனைய வேர்த்துவிட்டு வருவோம். மற்றபடி இந்த ஊரில் குளிர்ச்சி இறாலுக்கு ஒதுக்கப்பட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் ரீஃபர் என்கிற குளிர்பதனக் கண்டெய்னருக்குப் பேப்பர் பார்ப்பவன் என்ற முறையில் இதை நான் அடித்துச் சொல்லலாம். மைனஸ் 18 டிகிரியில் போக வேண்டிய சரக்கு மைனஸ் 15-க்கு ஏறினால் போதும், ராத்திரி தூக்கம் போய்விடும். மூன்று டிகிரிக்கு மூச்சைப் பிடிக்கிற அந்த மனிதனின் வீட்டு ஹாலில், மேஜைக்குக் கீழே, ஒரு பெட்டி 98 டிகிரியில் தகிக்கிறது. வீட்டில் என் மரியாதை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

பெட்டி மகனுடையது, தவணை என்னுடையது. கேமிங் பிசி என்று பெயர். போர்டு, சிப், ஃபேன் என்று தனித்தனியாக வாங்கிக் கோக்கிற வேலையெல்லாம் இல்லை. கம்பெனியே எல்லாவற்றையும் பூட்டி, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிற ரகம். இன்ஜினியரிங் படிப்புக்கு இது இல்லாமல் முடியாது என்றான். படிப்பிலிருந்து ஏன் துப்பாக்கிச் சத்தம் வருகிறது என்று நான் கேட்டதில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பக்கவாட்டிலும் கண்ணாடி, உள்ளே நிறம் மாறி மாறி எரியும் விளக்குகள். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சுவிட்சைப் போட்டுக் காட்டியது அவன் இல்லை, நான்தான். "எப்படி நம்ம சிபியு?" என்பேன். "அப்பா, இது கேபினட். சிபியு உள்ள இருக்கு" என்று அவன் வந்தவர்கள் முன்னாலேயே திருத்துவான்.

விளையாட்டு ஓடும்போது திரையின் மூலையில் சிப்பின் சூடு எண்ணாக ஓடிக்கொண்டிருக்கும். அதை ஒரு நாள் சாயங்காலம் என் அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள்.

"98-னு காட்டுது. நார்மல்தானல? இதுக்கா அப்பனும் மவனும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கிய?"

"ஆச்சி, அது ஜுரம் பாக்குற கணக்கு இல்ல. செல்சியஸ். இன்னும் ரெண்டு ஏறுனா தண்ணியே கொதிச்சிரும்."

"அப்போ மேல முட்டைய வச்சா அவிஞ்சிரும்லா?" என்றாள் என் மனைவி, அடுக்களையிலிருந்து. கேஸ் சிலிண்டரைப் பற்றிய கவலை அவளுக்கு எப்போதும் உண்டு.

பிறகு மகன் எனக்குப் பாடம் எடுத்தான். உதாரணத்துக்கு இன்டெல்லின் ஐ7 13700 சிப். அதன் அடிப்படைக் கணக்கு 65 வாட். வேகம் பிடித்தால் அதே சிப் 219 வாட் வரை இழுக்கும். எங்கள் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் 75 வாட். அப்படியானால் கிட்டத்தட்ட மூன்று சீலிங் ஃபேனுக்கான கரண்டைப் பெருவிரல் நுனியளவு சிலிக்கான் துண்டு ஒன்று விழுங்குகிறது. விழுங்கியது முழுக்கச் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு இதில் சேராது. ஆர்டிஎக்ஸ் 4070 போன்ற ஒன்று தன் பங்குக்கு 200 வாட் இழுக்கும். ஆனால் ரெடிமேட் பெட்டி கட்டுகிறவர்களில் பலர் அந்த 65-ஐ மட்டும் பார்த்துவிட்டு, சிப்பின் தலையில் உள்ளங்கையளவு அலுமினியத் தகட்டையும் சின்ன ஃபேனையும் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். விளக்குக்குச் செலவழித்தது போக மிச்சம் அவ்வளவுதான் போலிருக்கிறது.

"100 டிகிரியத் தொட்டா எரிஞ்சிருமா?" என்று கேட்டேன்.

"எரியாதுப்பா. தானே வேகத்தக் கொறச்சுக்கும்."

அதாவது, வேகத்துக்கென்று கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, வெயிலைச் சாக்குச் சொல்லி மெதுவாக வேலை பார்க்கும் ஒன்றை வீட்டில் வைத்திருக்கிறோம்.

"ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்லா," என்றாள் மனைவி.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினோம். அந்தத் தம்பி மிகவும் மரியாதையானவன். "சார், ரூம் டெம்பரேச்சரை 25-க்குக் கீழ வச்சுக்கோங்க" என்றான். அது ரூமுடைய டெம்பரேச்சர் இல்லை தம்பி, ஊருடையது என்றேன். அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஃபேன் எவ்வளவு சுழன்றாலும் அறைக் காற்றை விடக் கீழே சிப்பைக் குளிர்விக்க முடியாது. அறையில் ஒரு டிகிரி ஏறினால் சிப்பிலும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். ஏசி அறையில் சோதித்துப் பார்த்து 85 என்று எழுதுகிற பெட்டி, மே மாதம் எங்கள் ஹாலில் 95-ஐத் தாண்டுவதில் ஆச்சரியமே இல்லை. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைச் சிப்புகள் சில தடுமாறியபோது, வோல்டேஜ் அதிகமாகப் போனதுதான் காரணம் என்று கம்பெனியே சொல்லி, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. நமக்கும் அந்த நோயாக இருக்கக் கூடாதா என்று நான் ஆசைப்பட்டேன். நமக்கு வெறும் காய்ச்சல்தான் என்று மகன் சொல்லிவிட்டான்.

இந்த ஊர் வெயிலையும் காற்றையும் வைத்துப் பிழைக்கிற ஊர். உப்பளத்தில் கச்சான் காற்று சுழற்றி அடித்தால் பாத்தியில் உப்பு நன்றாக விளையும். அதே காற்று எங்கள் ஹாலுக்குள் வந்தால் மகனின் துப்பாக்கி திக்கித் திக்கிச் சுடும். துறைமுகத்தை ஒட்டிய அனல்மின் நிலையத்தை 210 மெகாவாட் யூனிட் ஐந்து என்று கட்டினார்கள். அது குளிர்ந்துகொள்ள மன்னார் வளைகுடாவே இருக்கிறது. என் பெட்டிக்கு என் பெடஸ்டல் ஃபேன் இருந்தது. ஆம், என்னுடையது. சாப்பிட்டுவிட்டு நான் சாய்கிற ஈசிசேருக்கு எதிரே நின்றது. இப்போது அது பெட்டியைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. இரண்டு மாதக் கரண்ட் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட்டே வேறு, தாண்டிவிட்டது. என் மைத்துனர் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் கட்டி அனுப்பவா என்று கேட்டார். கேலி செய்கிறாரா, உதவி செய்கிறாரா என்று அவர் விஷயத்தில் எப்போதும் தெரியாது.

கடைசியில் பக்கத்துத் தெரு அண்ணாச்சி வந்தார். லாஞ்சு இன்ஜின் மெக்கானிக். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெட்டியைச் சுற்றிப் புறங்கையை நகர்த்திப் பார்த்தார்.

"லாஞ்சுல கடத்தண்ணி ஒரு பக்கம் ஏறும், இன்னொரு பக்கம் எறங்கும். இதுல காத்து எங்குட்டு ஏறுது?"

குனிந்து பார்த்தோம். முன்பக்கக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையாத ஒரு சந்து. அதற்குப் பின்னால் மூன்று ஃபேன்கள், நிறம் மாறி மாறி ஜொலித்துக்கொண்டு, கண்ணாடியிடம் காற்றுக் கேட்டுச் சுற்றிக்கொண்டிருந்தன.

ரீஃபர் கண்டெய்னரின் சுவரில் மேலாக ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கும். குளிர்காற்று தரையில் உள்ள பள்ளங்கள் வழியே போய், சரக்கினூடே ஏறி, கூரையை ஒட்டித் திரும்பி வர வேண்டும். கோட்டுக்கு மேலே சரக்கை அடுக்கினால் காற்று திரும்ப வழியில்லை. மெஷின் எவ்வளவு பெரிதானாலும் சரக்கு கெடும். ஆபீசில் புதிதாகச் சேர்கிற பையன்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துவது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பையன்களில் ஒருவன்கூட அப்போது எங்கள் ஹாலில் இல்லை. மாதா காப்பாற்றினாள்.

அண்ணாச்சி பக்கக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். சற்று நேரத்தில் சூடு 84-க்கு இறங்கியது. "ஒரு ஸ்குரூ டிரைவர்," என்றாள் மனைவி என்னைப் பார்த்து. வேறொன்றும் சொல்லவில்லை.

திறந்த பெட்டிக்கு வேறு கஷ்டங்கள் உண்டு. கடல் காற்றில் உப்பு வரும், உலோகத்தை அரிக்கும். நிலக்கரித் தூசியும் சேர்ந்து வந்து ஃபேனில் கருப்பாகப் படிகிறது. ஒரு பல்லி வேறு உள்ளே குடியேறப் பார்த்தது. மகன் சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் இருந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினான். இரண்டு உலோகங்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத காற்றிடைவெளி இருந்தாலும் சூடு எளிதில் கடக்காது, அதை அடைக்கத்தான் பேஸ்ட். பழையது காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. பிறகு செம்புக் குழாய் வைத்த பெரிய கூலர் ஒன்று வாங்கினோம். அதுவும் என் தவணைதான். சூடு 76. நல்ல கூலர், ஆனால் உயரம் அதிகம். மாட்டிய பிறகு பக்கக் கண்ணாடி மூட மாட்டேன் என்கிறது. அந்த இடத்தில் மனைவி கொசுவலைத் துணியைக் கட்டியிருக்கிறாள். விளக்குகள் இப்போது மங்கலாகத் தெரிகின்றன. யாருக்கும் நான் சுவிட்சைப் போட்டுக் காட்டுவதில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: முன்பக்கம் கம்பிவலை இருக்கிறதா என்று பாருங்கள், கண்ணாடியாக இருந்தால் காற்று எந்த வழியாக ஏறும் என்று கேளுங்கள். தலையில் இருக்கும் கூலர் எத்தனை வாட் தாங்கும் என்று எழுதி வாங்குங்கள். கடையில் ஏசியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நிறுத்த மாட்டார்கள். இருந்தாலும் கேளுங்கள்.