ஆப்பியல்: ஓர் அறிமுக ஆய்வு

பதவி உயர்வு கிடைக்காதவர் "மேனேஜர் ஆப்பு வெச்சுட்டார்" என்கிறார். தேர்தலில் டெபாசிட் போனவருக்கு மக்கள் ஆப்பு வைத்ததாக டீக்கடையில் தீர்ப்பாகிறது. மைத்துனர் சீட்டுப் பணத்தோடு ஊரைவிட்டுப் போனால் அதுவும் ஆப்புதான். ஒரு சாண்கூட இல்லாத மரத்துண்டு, ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் பிறந்த ஒரே குற்றத்துக்காக இத்தனை பழியைச் சுமக்கிறது. பழி ஆதாரமற்றது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக் களம், எங்கள் தெருமுனை மரப்பட்டறை. ஆய்வுக் காலம், ஆடுகிற என் மேசையை அங்கே சரிசெய்யக் கொடுத்துவிட்டு நான் உட்கார்ந்திருந்த மூன்று சனிக்கிழமைகள். ஆய்வு நெறியாளர், பட்டறைத் தச்சர். தாம் நெறியாளர் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

முதலில் இலக்கியச் சான்று. பஞ்சதந்திரத்தின் முதல் பகுதியான மித்திரபேதத்தில் கரடகன் என்ற நரி தமனகன் என்ற நரிக்கு ஒரு கதை சொல்கிறது. கோயில் வேலை நடக்கும் இடத்தில் தச்சர்கள் ஒரு மரத்தைப் பாதி பிளந்து, பிளவு மூடாமலிருக்க ஆப்பைச் செருகிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகிறார்கள். ஒரு குரங்கு வந்து மரத்தின்மேல் உட்கார்ந்து, ஆப்பை ஆட்டி ஆட்டிப் பிடுங்குகிறது. பிளவுக்குள் குரங்கின் வால் மாட்டிக்கொண்டதாகக் குழந்தைகள் புத்தகங்கள் நாகரிகமாகச் சொல்லும். மூலநூல் அவ்வளவு நாகரிகம் பார்க்கவில்லை. 'ஆப்பசைத்த குரங்கு போல' என்று நமக்கு ஒரு பழமொழியும் உண்டு.

தனக்குச் சம்பந்தமில்லாத வேலையில் தலையிடாதே என்ற நீதியை இக்கதையில் கண்டதும் அறிஞர்கள் கை கழுவி எழுந்துவிட்டார்கள். இலையில் மிச்சமிருந்ததை நான் எடுத்துக்கொண்டேன். ஆப்பை வைத்த தச்சனால் யாருக்கும் ஒரு கீறல் விழவில்லை. ஆப்பு இருந்தவரை குரங்கும் சுகமாகத்தான் இருந்தது. கேடு வந்தது ஆப்பை எடுத்த பிறகு. ஆக, 'எனக்கு ஆப்பு வைத்துவிட்டான்' என்ற வழக்கு மூலச்சான்றுக்கு நேர்மாறானது. 'என் ஆப்பைப் பிடுங்கிவிட்டான்' என்பதே செம்மையான பிரயோகம். இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு 'ஆப்புத் திரிபு' என்று பெயரிட முன்மொழிகிறேன்.

அந்தக் குரங்கு உட்கார்ந்த மரம் இன்றும் பட்டறையில் கிடக்கிறது. முதல் சனிக்கிழமை தச்சர் ஒரு வேப்பம்பலகையை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். மரம் வளரும்போதும் காயும்போதும் உள்ளுக்குள் முறுக்கைத் தேக்கிவைத்துக்கொள்ளும். அறுக்க அறுக்க அது விடுபட்டு, சில பலகைகளில் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து ரம்பத்தைக் கவ்வும். இரண்டடி போனதும் ரம்பம் திணறியது. அவர் குனிந்து தரையில் கிடந்த ஒரு துண்டை எடுத்து, அறுத்த வாயில் செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். ரம்பம் வெண்ணெயில் போவதுபோல ஓடியது.

"இந்த ஆப்பெல்லாம் எங்க வாங்குறீங்கண்ணே?"

"ஆப்பை யாராச்சும் காசு குடுத்து வாங்குவாங்களா சார்?"

கழிவுக் கட்டையிலிருந்து செதுக்கிக்கொள்வதாம். ஒரே நிபந்தனை, மரத்தின் நார் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் இரண்டாவது அடியில் முறியும்.

அலெக்சாந்திரியாவின் ஹீரோன் கி.பி. முதல் நூற்றாண்டில் எளிய எந்திரங்கள் என்று ஐந்தைக் குறித்தபோது, நெம்புகோல், கப்பி, திருகு முதலியவற்றோடு ஆப்பையும் சேர்த்தார். சாய்தளத்தை விட்டுவிட்டார். ஆப்பே ஒரு நடமாடும் சாய்தளம்தான் என்பதால், மகனுக்குப் பந்தியில் இலை போட்டுவிட்டு அப்பாவை வாசலில் நிறுத்திய கதையாக இதைக் கருதலாம்.

எட்டுக்கு ஒன்று சரிவுள்ள ஆப்பை எடுத்துக்கொள்வோம். 8 மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் இடைவெளி 1 மில்லிமீட்டர் அகலும். கொடுத்த விசை எட்டு மடங்காக வேண்டும் என்பது ஏட்டுக்கணக்கு. நடைமுறையில் உராய்வு அதில் பெரும்பங்கைத் தரகுபோல விழுங்கிவிடுகிறது. தரகு வாங்கியவர் வேலையை முடித்துக்கொடுப்பது நம் ஊரில் அபூர்வம். உராய்வு முடித்துக்கொடுக்கும்: அடித்த ஆப்பு பின்வாங்காமல் அப்படியே நிற்பது அதனால்தான். இரண்டு பலகைகளை ஃபெவிகால் தடவி ஒட்டும்போது தச்சர் இதைத்தான் நம்புகிறார். மேடையில் இரண்டு ரீப்பர்களை ஆணியடித்து, நடுவே பலகைகளை வைத்து, மிச்ச இடைவெளியில் இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் செருகி இரு முனையிலும் மாறிமாறித் தட்டுவார். ஒன்றின் சரிவை மற்றது ஈடுகட்டுவதால் வெளிப்பக்கங்கள் இணையாகவே இருக்கும், பலகை ஒருக்களிக்காது. விலை கொடுத்து வாங்கிய இரும்புக் கிளாம்ப் ஒன்று சுவரில் தொங்குகிறது. அதில் அவருடைய சட்டை தொங்குகிறது.

சுத்தியலுக்கு வருவோம். 2019 மே மாதம், ஒரு பழைய திரைப்படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த காண்ட்ராக்டர் நேசமணிக்காக இணையம் முழுதும் பிரார்த்தித்தது. சுத்தியலைப் பற்றி அத்தனை பேசியவர்களில் ஒருவராவது, அதன் தலையையும் காம்பையும் எது பிரியாமல் வைத்திருக்கிறது என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. காம்பின் உச்சியை ரம்பத்தால் கீறி, தலையின் துளையில் நுழைத்து, கீறலில் ஆப்பை இறக்குகிறார்கள். தச்சர் அதைச் செய்தபோது பக்கத்தில் குந்திப் பார்த்தேன். முதல் அடிகள் 'டொக், டொக்' என்று மந்தமாக விழுந்தன. ஆப்பு ஒவ்வொரு அடிக்கும் ஒரு நெல்லளவு இறங்கியது. பிறகு திடீரென்று சத்தம் கெட்டியாகி 'டக்' என்றது. கை நின்றுவிட்டது. "சத்தம் மாறிட்டா நிறுத்திடணும் சார். அதுக்கு மேல அடிச்சா காம்பு பொளந்துக்கும்." துருத்திய மிச்சத்தை அறுத்துவிட்டு சுத்தியலை என்னிடம் நீட்டினார். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

எங்கள் வீட்டில் இதற்கு வேறு வைத்தியம். ஆடுகிற சுத்தியலை ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டுவிடுவோம். காலையில் மரம் ஊதி இறுகியிருக்கும். வெயிலில் காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். ஊதும்போது இரும்பில் முட்டி நசுங்கிய நார் காய்ந்த பிறகு பழைய அளவுக்குத் திரும்புவதில்லை.

பழிசுமக்கும் குடும்பத்தில் இன்னொருவரும் உண்டு. முட்டுக்கட்டை போடுகிறவன் என்றால் நமக்கு ஆகாது. ஆனால் திருவாரூர் ஆழித்தேரை, அலங்கரித்த நிலையில் 96 அடி என்று சொல்லப்படும் அந்த உயரத்தை, வீதி திரும்பும் இடத்தில் சக்கரத்தடியில் கொடுக்கும் முட்டுக்கட்டைகள்தான் வளைக்கின்றன. வடம் பிடிப்பவர்களுக்குப் புண்ணியம், கட்டை போடுபவருக்கு அழுக்கு வேட்டி. அச்சாணிக்கு வள்ளுவர் குறளில் இடம் கொடுத்ததைப் பற்றி ஆப்பு இதுவரை புகார் செய்ததில்லை.

மூன்றாவது சனிக்கிழமை. தச்சர் டீ குடிக்கப் போனார். பாதி அறுத்த பலகையில் ரம்பம் நின்றது, அறுத்த வாயில் ஆப்பு இருந்தது. பஞ்சதந்திரத்துக்குப் பிறகு இவ்வளவு பொருத்தமான சோதனைச் சூழல் அமைந்திருக்காது. ஒரே முடிவு இரண்டாம் முறையும் வந்தால்தானே அது அறிவியல்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உடலின் எந்தப் பகுதியும் பிளவுக்கு அருகில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஆப்பை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன்.

பலகை முனகியது. ரம்பத்தை இழுத்தேன், வரவில்லை. தள்ளினேன், வளைந்தது.

தச்சர் பன்னை மென்றுகொண்டே வந்தார். ரம்பத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த ஆப்பைப் பார்த்தார்.

"குரங்குக் கதை படிச்சிருக்கீங்களா சார்?"

அதைத்தான் ஆய்வு செய்கிறேன் என்று சொல்லத் துணிவு வரவில்லை. அவர் ஆப்பை வாங்கி, பலகையின் முனையில் வைத்து, கொட்டாப்புளியால் இரண்டு போடு போட்டார். ரம்பம் தானாகத் தளர்ந்தது. ஆக, எடுத்ததால் சிறை, வைத்ததால் விடுதலை. கருதுகோள் நிரூபணமாயிற்று, ஆய்வாளரின் மரியாதைக்கு ஏற்பட்ட சேதம் ஆய்வுச் செலவில் அடங்கும்.

மேசை வீட்டுக்கு வந்த பிறகும் ஆடியது. கோளாறு மேசையில் இல்லை, எங்கள் வீட்டுத் தரையில் என்றார் தச்சர். பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன ஆப்பை எடுத்து ஒரு காலின் அடியில் காலாலேயே தள்ளிவிட்டார். பில்லில் அதற்குக் காசு போடவில்லை.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். இனி யாராவது உங்களுக்கு ஆப்பு வைத்துவிட்டதாகச் செய்தி வந்தால், வைத்தாரா எடுத்தாரா என்று விசாரித்துவிட்டு வருத்தப்படுங்கள்.