தண்ணீர் ஆணா, பெண்ணா?

முல்லைப் பெரியாறு அணையின் கட்டுமானம் தொடங்கிய அதே 1887-இல்தான், சாமன்ஹாஃப் என்னும் கண் மருத்துவர் வார்சாவில் எஸ்பெராண்டோ என்னும் ஆக்கமொழியை, அதாவது மேசைமுன் அமர்ந்து திட்டமிட்டுச் செய்த மொழியை, பதினாறே இலக்கண விதிகளோடு வெளியிட்டார். அதில் பெயர்ச்சொற்கள் யாவும் ஓகாரத்தில் முடிந்து, பால் பேதமின்றி அடங்கிவிடும். இந்தியிலோ, அந்த அணையிலிருந்து லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு ராட்சதக் குழாய்களில் இறங்கும் 'பானி' (நீர்) ஆண்பால், அதுவே வெளியேறி 'நதீ'யாக (ஆறாக) ஓடினால் பெண்பால் என்பதால், இரண்டையும் அஃறிணை என்று முடித்துக்கொண்ட தமிழ் மாணவர், பால் மாறிய இடத்தைச் குழாய்நீர் மோதிச் சுற்றும் சக்கரமான சுழலியருகேதான் தேட வேண்டும். விடியலில் ஜீப்பேறிக் குமுளி வழியே கேரள ஏலத்தோட்டம் செல்லும் பெண்களோ, பதினாறு விதியும் இந்திப் பிரச்சார சபையின் பிராத்மிக் என்னும் தொடக்கத் தேர்வும் இன்றியே, கூலியில் பத்து ரூபாய் குறைந்தால் மலையாளத்தில் பிழையறக் கேட்டுவிடுகின்றனர்.