போத்தனூர்ப் பேரனும் பாதி மூளையும்

ஒன்பது நாள் இங்கிலாந்துப் பயணத்தில் மூன்று நாளைக் கம்ப்யூட்டர் மியூசியங்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன் என்பதை, விமானம் துபாயைத் தாண்டிய பிறகுதான் வீட்டாரிடம் சொன்னேன். அந்த உயரத்தில் யாரும் இறங்கிப் போக முடியாது.

"தினமும் பதினாலு மணி நேரம் அதையேதான பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. அது செத்தா, போய் எழவும் விசாரிக்கணுமா?" என்றாள் மனைவி. மகனுக்குப் பதினோரு வயது. கால்பந்து மைதானம் பார்க்க வந்தவன். மாமனாரும் மாமியாரும் போத்தனூரிலிருந்து கிளம்பியதே, மான்செஸ்டரில் இருக்கும் இளைய மகளின் குழந்தையைப் பார்க்கத்தான்.

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்றேன். அத்தை உடனே செருப்பை மாட்டிக்கொண்டார்.

அங்கே நிற்பது சார்லஸ் பாபேஜின் மெஷின். வெண்கலச் சக்கரங்களை வரிசை வரிசையாக அடுக்கி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி வைத்து, எட்டாயிரம் உதிரிப் பாகங்களும் ஐந்து டன் எடையுமாக, சீர்வரிசைக்கு எடுத்து வைத்த பாத்திரக்கடை மாதிரி மினுமினுத்தது. அத்தை அதைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்துவிட்டு, "இதத் தேய்ச்சு வெக்க எத்தனை கிலோ புளி ஆகுமுங்க மாப்ளே?" என்றார். பாபேஜிடம் யாரும் கேட்காத பராமரிப்புச் செலவுக் கேள்வி.

கதை இதுதான். அந்தக் காலத்தில் கப்பல் ஓட்டவும் வானம் பார்க்கவும் எண் அட்டவணைப் புத்தகங்கள் வேண்டும். உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டவர்களுக்குத்தான் 'கம்ப்யூட்டர்' என்று பெயர். சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், தப்பு விடுவார்கள். அச்சுக் கோப்பவர் தன் பங்குக்கு இரண்டு தப்பு சேர்ப்பார். பாபேஜுக்குப் பொறுக்கவில்லை. மெஷினே கணக்குப் போட்டு மெஷினே அச்சடிக்கட்டும் என்று 1820களில் அரசாங்கத்திடம் போய் நின்றார். அவர்களும் கொடுத்தார்கள், கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பதினேழாயிரம் பவுண்டுக்கு மேல் போயிற்று. அந்தக் காசுக்கு அப்போது இருபது ரயில் எஞ்சின் வாங்கியிருக்கலாம்.

சொந்த வீடு கட்டியவர்களுக்கு மீதிக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜோசப் கிளமென்ட் என்ற கெட்டிக்கார மேஸ்திரி. அவருக்கும் பாபேஜுக்கும் பட்டறையை எங்கே வைப்பது என்று தகராறு. "என் வீட்டுப் பக்கம் வா" என்கிறார் இவர். "வர்றேன், அதுக்குத் தனிக் காசு" என்கிறார் அவர். 1833இல் வேலை நின்றது. இதற்குள் பாபேஜுக்கு இன்னொரு யோசனை பிறந்துவிட்டது. இந்த மெஷினை விடுங்கள், இதைவிடப் பிரமாதமாக ஒன்று இருக்கிறது என்று அதே அரசாங்கத்திடம் ஆரம்பித்தார். முதல் வெர்ஷனை முடிக்காமல் இரண்டாவதற்குப் பணம் கேட்ட இந்த மனிதர்தான் என் தொழிலின் ஆதிபுருஷர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரசு 1842இல் கைகழுவியது.

அப்படியானால் எதிரே நிற்பது? அது பாபேஜ் 1840களின் கடைசியில் வரைந்து மட்டும் வைத்த இன்னொரு டிசைன். அவருடைய இருநூறாவது பிறந்தநாளுக்காக 1991இல் மியூசியக்காரர்களே செய்து முடித்தார்கள். அச்சடிக்கும் பாகம் வர 2002 ஆனது. கணக்கு சரியாக வந்தது. டெலிவரிதான் நூற்றைம்பது வருஷம் தாமதம்.

பாபேஜின் மூளையில் பாதியும் அதே மியூசியத்தில் இருக்கிறது, சீசாவுக்குள். மறு பாதி லண்டனிலேயே அறுவை மருத்துவக் கல்லூரியின் மியூசியத்தில். "முழுசா அடக்கம் பண்ண மாட்டாங்களாமா? பாவம்ங்க" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாழ்ந்த காலத்திலும் அந்த மூளைக்கு நிம்மதி கிடையாது. தெருவில் ஆர்கன் பெட்டி வாசிப்பவர்கள் சத்தம் அவருக்கு ஆகாது. போலீஸைக் கூப்பிடுவார், வழக்குப் போடுவார், புத்தகத்தில் ஒரு அத்தியாயமே எழுதினார். கடுப்பான அக்கம்பக்கத்தார் வாத்தியக்காரர்களைக் கூட்டிவந்து அவர் வாசலிலேயே வாசிக்க விட்டார்கள். ஆடி மாதம் மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு இந்த விளைவு தெரிந்ததுதான்.

அரசாங்கத்திடம் பணம் கேட்டும் பாபேஜ் செய்யாமல் போன அந்த இரண்டாவது மெஷினுக்கு 1843இல் கணக்கு வழிமுறை எழுதிக் கொடுத்தவர் ஏடா லவ்லேஸ், கவிஞர் பைரனின் மகள். அப்பாவின் கவிதைப் பைத்தியம் தொற்றிவிடக் கூடாதென்று அம்மா கணக்கு வாத்தியார்களை வைத்து வளர்த்தார். மகள் கவிஞராகவில்லை. குதிரைப் பந்தயத்தில் பணத்தை விட்டார்.

மான்செஸ்டரில் குழந்தையைக் கொஞ்சி முடித்த மறுநாள், இன்னொரு 'பேபி'யைக் காட்டக் கூட்டிப் போனேன். வயிற்றில் புரோகிராமைச் சுமந்து ஓடிய முதல் கம்ப்யூட்டரின் செல்லப் பெயர் அது. மியூசியத்தில் இருப்பது அதன் மறுபதிப்பு. 1948 ஜூன் 21 அன்று அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி, 262144ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்களில், அதைத் தவிர்த்து மிகப் பெரியது எது? ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்த்து, 52 நிமிஷம் கழித்து, 131072 என்றது.

"அப்பா, அது பாதி" என்றான் மகன்.

"ஆமாம்."

"இரட்டைப்படை எண்ணுன்னா பாதிதானேப்பா. இதுக்கு 52 நிமிஷமா?"

விடை தெரிந்த கேள்வியைக் கேட்டால்தான் மெஷினைச் சோதிக்க முடியும் என்று விளக்கினேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள், நாங்கள் 52 நிமிஷம் எடுத்தால் முட்டை போடுகிறார்கள் என்றான்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் சங்கேதங்களை உடைத்த பிளெட்ச்லி பார்க்தான் என் அசல் குறி. ஆனால் மாமா, "நீங்க போய்ட்டு வாங்க மாப்ளே, எனக்கு முட்டி வலி" என்று சோபாவில் சாய்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் துருப்புச் சீட்டை இறக்கினேன். "மாமா, அங்க வேலை பாத்த கணக்கு மேதை ஆலன் டூரிங் இருக்காரே, அவரோட அம்மா பொறந்தது போத்தனூர்ல."

மாமா நிமிர்ந்தார். அத்தை சமையலறையிலிருந்து வந்தார். "டூரிங் டாக்கீஸ் வெச்சிருந்தவங்களா?"

உண்மைதான். டூரிங்கின் அம்மா எத்தல் சாரா ஸ்டோனி 1881இல் போத்தனூரில் பிறந்தார். தாத்தா எட்வர்ட் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயின் தலைமை எஞ்சினியர். சத்தம் போடாத பங்கா சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கியவர். அப்பா மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். "அப்படீன்னா நம்மூர்ப் பேரனுங்க" என்று மாமா எழுந்து ஸ்வெட்டரைத் தேடினார். முட்டி வலி பற்றி அதன்பின் பேச்சில்லை.

பிளெட்ச்லியில் கற்பலகைத் துண்டுகளை அடுக்கிச் செய்த டூரிங் சிலை உட்கார்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று பேரனின் லீலைகளைச் சொன்னேன். மகரந்தம் ஒத்துக்கொள்ளாமல் விஷவாயு முகமூடியைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். தன் குவளையை யாரும் எடுத்துவிடாமல் ரேடியேட்டரில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார். "தண்ணிப் பந்தல் டம்ளர் மாதிரி" என்று அத்தை ஆமோதித்தார். போத்தனூர் ரத்தம் பேசியதில் அவருக்குத் திருப்தி. டூரிங் அங்கே உடைக்க உதவியது எனிக்மா என்ற ரகசிய எழுத்து என்றேன். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே வளாகத்தின் இன்னொரு கட்டடத்தில் தேசியக் கம்ப்யூட்டிங் மியூசியம். உள்ளே கொலோசஸ் என்ற சங்கேதம் உடைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது டூரிங் செய்ததல்ல, அதன் வேலையும் எனிக்மா அல்ல. ஹிட்லரின் தளபதிகள் பேசிக்கொண்ட லோரன்ஸ் என்ற இன்னொரு சங்கேதம். அது உடைந்த கதை எந்த ஆபீஸிலும் நடக்கக்கூடியது. 1941 ஆகஸ்ட் 30 அன்று ஒரு ஜெர்மன் ஆபரேட்டர் சுமார் நாலாயிரம் எழுத்துள்ள செய்தியை அனுப்புகிறார். மறுமுனை, "சரியா வரல, திரும்ப அனுப்பு" என்கிறது. மெஷினை வேறு அமைப்புக்கு மாற்றிவிட்டு அனுப்ப வேண்டும் என்பது விதி. யார் மாற்றுவது? அதே அமைப்பிலேயே மறுபடி அடித்தார். அடிக்கும்போது அலுப்பு வேறு. முதல் தடவை 'ஷ்ப்ருக்நும்மர்', அதாவது 'செய்தி எண்' என்று முழுசாக அடித்ததை, இரண்டாம் தடவை 'ஷ்ப்ருக்நர்' என்று சுருக்கினார். அந்தச் சுருக்கம் போதும். இங்கே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பில் டட் என்ற இளைஞர், கண்ணால் பார்த்தே இராத அந்த மெஷினின் உள்ளமைப்பை 1942 தொடக்கத்துக்குள் காகிதத்திலேயே போட்டுக் காட்டிவிட்டார்.

கொலோசஸின் ஒரு பக்கம் இரும்புச் சட்டத்தில் கப்பிகளின்மேல் காகித நாடா விர்ரென்று சுற்றுகிறது, வினாடிக்கு ஐயாயிரம் எழுத்து. அந்தச் சட்டத்துக்கு அங்கே வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் 'கட்டில்'. நான் சொல்லி வாய் மூடவில்லை, அத்தை சிரித்தார்: "நாடாக் கட்டில்!"

மாமா சிரிக்கவில்லை. நாடாவை விட்டுவிட்டுப் பின்பக்கம் போய், வால்வு வரிசைகளுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். டெலிபோன் டிபார்ட்மென்டில் முப்பத்தெட்டு வருஷம். மூக்கு லேசாக விரிந்தது. சூடான வால்வும் வார்னிஷும் சேர்ந்த வாசனை. "இது எக்ஸ்சேஞ்சுங்க" என்றார் மெதுவாக. "ரேக்கு, ரிலே, எல்லாம் நம்முளுது. இத டெலிபோன்காரன்தான் பண்ணியிருக்கோணும்."

பண்ணியவர் டாமி ஃப்ளவர்ஸ், தபால் துறையின் டெலிபோன் எஞ்சினியர், கொத்தனார் மகன். ஆயிரத்தறுநூறு வால்வை ஒரே மெஷினில் வைத்தால் தினம் ஒன்று போகும் என்று பெரிய படிப்புக்காரர்கள் சிரித்தார்கள். அணைத்து அணைத்துப் போட்டால்தான் போகும், எரியவிட்டால் போகாது என்றார் இவர். "ஆமாங்க! ரிப்பீட்டர் ஸ்டேஷன்ல சுவிட்சத் தொட்டா மெமோ குடுப்பாங்க" என்றார் மாமா, எண்பது வருஷத்துக்கு முந்தைய கூட்டத்தில் ஃப்ளவர்ஸுக்கு ஆதரவாக ஓட்டுப் போடுவதுபோல. சொந்தக் காசையும் போட்டு ஃப்ளவர்ஸ் செய்த முதல் மெஷின் 1944 தொடக்கத்தில் இங்கே வந்தது. போர் முடிவதற்குள் பத்து ஆனது. கிடைத்த பரிசு ஆயிரம் பவுண்டு. கைக்காசுக்கே அது காணவில்லை. வரைபடங்களை அடுப்பில் போட்டு எரிக்கச் சொன்னார்கள், எரித்தார். பிறகு இதே மாதிரி மெஷின் செய்ய இங்கிலாந்து வங்கியில் கடன் கேட்டார். இப்படியொன்று வேலையே செய்யாது என்று மறுத்துவிட்டார்கள். ஏற்கெனவே பத்து செய்திருக்கிறேன் என்று சொன்னால் ரகசியச் சட்டம் பாயும். வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தார்.

மாமா அதற்குள் அங்கிருந்த தொண்டர் ஒருவரைப் பிடித்துவிட்டார். அவரும் டெலிபோனில் ரிட்டயர் ஆனவர். ஒருவர் ஆங்கிலம் மற்றவருக்குப் புரியவில்லை. "ஸ்ட்ரோஜர்?" என்றார் மாமா. "ஆ, ஸ்ட்ரோஜர்!" என்றார் அவர். "யூனிசெலக்டர்?" "யூனிசெலக்டர்!" இப்படியே எக்ஸ்சேஞ்ச் சாமான் பெயர்களாக இருபது நிமிஷம் ஓடியது. இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.

நான் மகனிடம் 2007 போட்டியைச் சொன்னேன். வரைபடங்கள் எரிந்துபோன கொலோசஸை டோனி சேல் என்பவர் பதினான்கு வருஷம் உழைத்து மறுபடி கட்டினார். ஜெர்மனியிலிருந்து லோரன்ஸ் சங்கேதத்தில் செய்தி அனுப்பி, யார் முதலில் உடைப்பது என்று போட்டி. கொலோசஸுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பான் நகரத்து ஜெர்மன்காரர் ஒருவர் தன் லேப்டாப்பில் 46 வினாடியில் முடித்தார், அதுவும் ஏடாவின் பெயரிலுள்ள 'ஏடா' மொழியில் எழுதி. "அப்ப கடைசில ஜெர்மனிதான் ஜெயிச்சுதா?" என்றான் கால்பந்து ரசிகன்.

திரும்பும்போது ஸ்டேஷனில் ரயிலுக்கு அரை மணி இருந்தது. டூரிங் கதையில் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொன்னேன். ஜெர்மன்காரன் படையெடுத்தால் பேங்க் பணம் போய்விடும் என்று பயந்து, வெள்ளிக் கட்டிகள் வாங்கி, பழைய குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய், பக்கத்திலுள்ள ஷென்லி பகுதியில் புதைத்தார். போர் முடிந்து தேடினால் இடம் தெரியவில்லை. மெட்டல் டிடெக்டர் செய்து எடுத்துக்கொண்டு போயும் பார்த்தார். கிடைக்கவே இல்லை.

"எதிரி எழுதினதெல்லாம் கண்டுபுடிச்சான், தான் பொதைச்சது தெரியலையா?" என்றார் மாமா.

"அம்மாக்காரி கூட இருந்து வளத்தியிருந்தா இப்படி ஆயிருக்குமா? ரெண்டு பேரும் இவன இங்க விட்டுப்போட்டு மெட்ராஸ்ல போய் உக்காந்துக்கிட்டாங்களாம்" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் பேசாமல் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏனுங் மாப்ளே, அந்த ஷென்லி இங்கிருந்து எத்தனை தூரமுங்க?"